இணையம் சொல்லும் விமான நேரத்தை நம்பலாமா?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால் முதலில் எதைத் தேடுவோம்? தேர்வு முடிவு, தங்கம் விலை, ராசிபலன், அப்புறம் பயணம். மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்தால் பயணம்தான் முதலிடம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், விமானத்தில் போக எவ்வளவு நேரம் என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்து நிற்கிறது. தூரம் 2,920 கிலோமீட்டர். நேரம் 4 மணி 9 நிமிடம்.

நிமிடக் கணக்கு வரை சொல்கிறதே என்று நமக்கு வியப்பு. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த நேரத்தைப் பேப்பரில் குறித்தும் வைத்துக் கொள்கிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய தளங்கள் தரும் தூரத்தை நம்பலாம். ஆனால் அவை தரும் நேரத்தை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது. தூரம் கணக்குப் போட்டு வந்தது. நேரம் குத்துமதிப்பாக வந்தது. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே கட்டத்துக்குள், பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவதுதான் சிக்கலே. நான் சாஃப்ட்வேர் எழுதும் தொழிலில் இருப்பவன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கும் காட்டிவிட்டால் அப்புறம் நீங்களே முடிவு செய்து கொள்ளலாம்.

தூரம் எப்படி வருகிறது?

உலகில் உள்ள ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 டிகிரி, கிழக்கு 80.17 டிகிரி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கு 1.36 டிகிரி, கிழக்கு 103.99 டிகிரி. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள பந்தாக வைத்துக் கொண்டால், இந்த நான்கு எண்களை வைத்தே தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிளஸ் டூவில் படித்த சைனும் காஸும் போதும்.

உங்கள் எக்செல் தொகுப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். முதலில் டிகிரியில் உள்ள எண்களை ரேடியனுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். இரண்டு ஊர்களின் அட்சரேகைகளுக்கும் சைன் எடுத்துப் பெருக்கி ஒரு செல்லில் வையுங்கள். அடுத்த செல்லில், அதே இரண்டு அட்சரேகைகளின் காஸ், தீர்க்கரேகைகளின் வித்தியாசத்துக்குக் காஸ், இந்த மூன்றையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, ஏகாஸ் ஃபங்ஷனில் கொடுத்து, வருவதை 6,371 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை. எனக்கு 2,924 வந்தது. தளம் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

இவ்வளவு கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழியும் இருக்கிறது. கூகுள் மேப்ஸ் தளத்தில் ஒரு விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் தூரத்தை அளக்கும் கட்டளை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்னொரு விமான நிலையத்தின் மேல் கிளிக் செய்தால் தூரம் தெரியும்.

இந்தத் தூரம் எதைக் குறிக்கிறது என்பது முக்கியம். ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளிகளை வைத்து, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ, அதுதான் மிகக் குறுகிய வழி. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் வரைபடத்தைப் பார்த்து நாம் நினைப்பது போல் அது நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ போகாது. வடக்கே ஏறி, ஆர்க்டிக் பகுதியை ஒட்டிப் போய் அந்தப் பக்கம் இறங்கும். நீளம் சுமார் 12,400 கி.மீ.

ஆக, தளம் தருவது நூலின் நீளம். விமானம் பறந்த வழியின் நீளம் அல்ல. இதை மனதில் வைத்துக் கொண்டால் தூரத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை.

நேரம் எப்படி வருகிறது?

இங்கேதான் வேடிக்கை. பல தளங்களில் உள்ள புரோகிராம் செய்வது ஒரே ஒரு வேலை. தூரத்தை ஒரு நிலையான வேகத்தால் வகுக்கிறது. மணிக்கு 800 கி.மீ. அல்லது 500 மைல் என்று வைத்துக் கொள்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏறவும் இறங்கவும் என்று ஓர் அரை மணி நேரத்தைக் கூட்டுகிறார்கள். 2,920 ஐ 800 ஆல் வகுத்தால் 3 மணி 39 நிமிடம். அரை மணியைக் கூட்டினால் 4 மணி 9 நிமிடம். அவ்வளவுதான்! அந்த 9 நிமிடத்தைப் பார்த்து, யாரோ ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தது போல் நாம் நினைத்துக் கொண்டோம். வகுத்தலில் மிஞ்சியது அது.

சென்னை - சிங்கப்பூர் வழித்தடத்தில் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமானக் கம்பெனிகளின் அட்டவணையிலும் நாலேகால் மணியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அதுவே நம்மை ஏமாற்றவும் செய்கிறது. தெரிந்த ஓர் ஊருக்குச் சரியாக வந்ததால், தெரியாத ஊருக்கும் சரியாக வரும் என்று நம்பிவிடுகிறோம்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நூல் பிடித்த தூரம் சுமார் 356 கி.மீ. அதே கணக்கின்படி 57 நிமிடம். ஆனால் 2019 நவம்பரில் இந்தத் தடத்தில் சேவை தொடங்கியபோது பறந்தது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி வைத்த விமானம். இந்த வகை விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் சேராது. எந்த விமானம் என்று கேட்காமலே எல்லாவற்றுக்கும் ஜெட் வேகத்தைப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

காற்றைக் கேட்காத கணக்கு

அடுத்தது காற்று. வட கோளத்தில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்றோட்டம் உண்டு. கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. மேற்கே போகும் விமானத்தை எதிரே நின்று தடுக்கிறது. அதனால்தான் நியூயார்க்கிலிருந்து லண்டன் போவதைவிட லண்டனிலிருந்து நியூயார்க் போகக் கூடுதல் நேரம் ஆகிறது. பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும்தான் சுற்றுகிறது. அதனால் விமானத்துக்குக் கீழே பூமி நழுவிப் போய்விடுவதில்லை. நேரத்தை மாற்றுவது காற்றின் ஓட்டம்.

நியூயார்க் - லண்டன் தூரம் சுமார் 5,540 கி.மீ. நம் தளத்தின் கணக்குப்படி 7 மணி 25 நிமிடம். ஆனால் 2020 பிப்ரவரியில், சியாரா என்ற புயல் வீசிய சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ ஜெட் ஒன்று இதே தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. தரையிலிருந்து பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 1,100 கி.மீ.க்கு மேல். எஞ்சின் அன்றைக்கு மட்டும் கூடுதலாக உழைத்துவிடவில்லை. ஓடும் எஸ்கலேட்டரில் நடப்பவர் சீக்கிரம் போய்ச் சேர்வது போல், ஓடும் காற்றுக்குள் விமானம் தன் வழக்கமான வேகத்தில் பறந்தது. தூரம் மாறவில்லை. நேரம் மட்டும் இரண்டரை மணி நேரம் குறைந்துவிட்டது.

இன்னோர் உதாரணம், நம் நாட்டு விமானமே. ஏர் இந்தியாவின் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் கடல் வழியாகப் போய்க் கொண்டிருந்தது. அந்த வழியின் நீளம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். அது சுமார் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்! காரணம், இந்த முறை காற்று முதுகுப் பக்கம். நீண்ட வழி, குறைந்த நேரம். தூரத்தை வேகத்தால் வகுக்கும் புரோகிராமுக்கு இது ஒருநாளும் புரியப் போவதில்லை.

மூடிய வானம்

காற்றாவது இயற்கை. மனிதர்கள் போடும் பூட்டும் இருக்கிறது. ஃபின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு நூல் பிடித்தால் சுமார் 7,800 கி.மீ. பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் போகும். முன்பெல்லாம் ஒன்பதரை மணி நேரப் பயணம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருவர் வானத்தை மற்றவருக்கு மூடிவிட்டன. ஃபின்ஏர் விமானங்கள் ரஷ்யாவைச் சுற்றிக் கொண்டு பறக்க வேண்டியதாயிற்று. பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. நூலின் நீளத்தை வைத்துக் கணக்குப் போடும் தளம், ஒருவர் டோக்கியோ போவதற்கு எத்தனை நாட்டு வானம் திறந்திருக்கிறது என்று கேட்பதே இல்லை. அது 2021ல் சொன்ன அதே நிமிடத்தைத்தான் 2022லும் சொல்லும்.

நமக்கும் இது நேர்ந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் விமானங்கள் சுற்றிப் போயின. சில விமானங்கள் நடு வழியில் எரிபொருள் நிரப்பவும் இறங்கின. ஊர்கள் இடம் மாறவில்லை. நேரம் மாறிவிட்டது.

கடிகாரக் குழப்பம்

புதியவர்கள் தடுமாறும் இன்னோர் இடம் டிக்கெட்டில் உள்ள நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கிறது. இரவு 11.15க்குச் சென்னையில் ஏறி, காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குவதாக டிக்கெட் சொன்னால், ஆறே முக்கால் மணி நேரம் பறப்பதாக அர்த்தமில்லை. நாலேகால் மணிதான். திரும்பி வரும்போது இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக் கொள்ள வேண்டும்.

லண்டன் என்றால் இன்னும் ஒரு சுருக்கு. அங்கே மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்தி வைத்திருப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். குளிர்காலத்தில் ஐந்தரை மணி. அழைத்துப் போக வரும் பிள்ளை எந்த நேரத்துக்கு வண்டியோடு நிற்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

இதில் என்ன பெரிய நஷ்டம்?

"சும்மா ஓர் உத்தேசத்துக்குத்தானே பார்க்கிறோம், பத்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். உத்தேசம் என்று தெரிந்து பார்த்தால் நஷ்டமே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் பூகோளப் பாடத்துக்கும், சும்மா தெரிந்து கொள்ளவும் இந்தத் தளங்கள் அருமையானவை. உத்தேசம் என்று தெரியாமல் பார்ப்பவருக்குத்தான் நஷ்டம்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பரின் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து கிளம்பினார்கள். சென்னையில் இரவு 9.30 மணிக்கு வெளிநாட்டு விமானம். மதுரை - சென்னை தனி டிக்கெட், மாலை 6 மணிக்கு. டிக்கெட்டில் 7.25க்குச் சென்னை என்று போட்டிருந்தது. நண்பரின் அப்பா ஒரு தளத்தில் பார்த்தார். 418 கி.மீ., ஒரு மணி ஒரு நிமிடம் என்று இருந்தது. "டிக்கெட்டில் கூட்டித்தான் போட்டிருக்கிறார்கள், ஏழு மணிக்கே இறங்கிவிடுவோம்" என்று வீட்டில் எல்லோருக்கும் தைரியம் சொன்னார். மதியம் இருந்த முந்தைய விமானத்தை வேண்டாம் என்று விட்டதும் அந்த ஒரு நிமிடத் துல்லியத்தை நம்பித்தான்.

விமானம் இருபது நிமிடம் தாமதம். 7.45க்கு இறங்கி, பெட்டிகள் வந்து சேர எட்டேகால். தள்ளுவண்டியைத் தள்ளிக் கொண்டு சர்வதேச முனையத்துக்குப் போய் நின்றபோது 8.35. ஒரு மணி நேரம் முன்பாகவே கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பாகாது. இரண்டு டிக்கெட்டின் பணமும் போயிற்று. அறுபது வயதைத் தாண்டிய இருவர் அன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தார்கள்.

விமானக் கம்பெனியின் அட்டவணை நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிப்பது என்று தினசரி நடப்பதை எல்லாம் பார்த்து வைத்த எண் அது. வகுத்து வந்த எண்ணை வைத்துக் கொண்டு, அனுபவத்தில் வந்த எண்ணைத் திருத்தப் பார்ப்பது தலைகீழ் வேலை.

தளம் நடத்துபவர்கள் செய்ய வேண்டியது

என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரத்தைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்துக் கணக்கிட்டது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் எழுதினால் போதாது. நிமிடத்தை விட்டுவிடுங்கள். 4 மணி 9 நிமிடம் என்பதற்குப் பதில் சுமார் 4 முதல் நாலரை மணி என்று காட்ட ஒரு வரி புரோகிராம் போதும். தெரியாததைத் தெரிந்தது போல் காட்டாமல் இருப்பதும் நல்ல சாஃப்ட்வேரின் லட்சணம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

தூரம் தெரிய வேண்டுமா? எந்தத் தளத்திலும் பாருங்கள். கிலோமீட்டரா, மைலா, கடல் மைலா என்று மட்டும் கவனியுங்கள். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. ஹைதராபாத் பாகிஸ்தானிலும் உண்டு, சிட்னி கனடாவிலும் உண்டு. விமான நிலையத்துக்கு என்று உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்துத் தேடினால் இந்தக் குழப்பம் வராது. சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என்.

நேரம் தெரிய வேண்டுமா? விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் நீங்கள் போகும் தேதியைக் கொடுத்து அட்டவணையைப் பாருங்கள். அதற்கும் மேலே ஒரு படி போகலாம். ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமானத்தின் எண்ணை டைப் செய்தால், கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்ற விவரம் கிடைக்கும். ஒரு வாரத்தில் நாலு நாள் தாமதம் என்றால் ஐந்தாவது நாளும் உங்களுக்காக அது சீக்கிரம் வந்துவிடாது.

மாற்று விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் முடிந்தவரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் அவர்களுடையது. தனித்தனியாக எடுத்தே ஆக வேண்டும் என்றால், வயதானவர்கள் போகும் பயணத்தில் நடுவே அரை நாளாவது விடுங்கள்.

கம்ப்யூட்டர் தரும் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள். இது அளந்ததா, கணக்கிட்டதா, உத்தேசமா? விமான நேரத்துக்கு மட்டுமல்ல, வங்கிக் கடனின் மாதத் தவணைக்கும், நாளைய மழைக்கும் இதே கேள்விதான். கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கேட்காமல் விட்டால் சில சமயம் இரண்டு டிக்கெட்டின் விலை.